செகெஷ்வார் போர்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹங்கேரியக் கவிஞர் ஷாந்தோர் பெத்தோஃபியைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கவிதைகளை அலசும் பகுதியில் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால், 1849 ஜூலை 31 அன்று நடந்த செகெஷ்வார் போரில் அவர் வாளேந்திப் படையை முன்னின்று நடத்தி, ஆஸ்திரியக் குதிரைப்படையோடு பொருது மாண்டார் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது இரண்டு வகையில் பிழையாகும்.

அன்று எதிரே நின்றது ஜெனரல் லூடர்ஸ் தலைமையிலான ரஷ்யப் படை. ஆஸ்திரியப் பேரரசின் ஆளுகையை எதிர்த்து 1848இல் புரட்சியில் இறங்கிய ஹங்கேரியர்கள், அடுத்த ஆண்டின் வசந்தத்தில் ஆஸ்திரியப் படைகளைப் பின்வாங்கச் செய்து, ஏப்ரல் 14 அன்று தெப்ரெட்சென் நகரில் விடுதலையை அறிவித்து, மே 21 அன்று புதா கோட்டையையும் மீட்டுவிட்டார்கள். கோட்டை விழுந்த அதே நாளில் ஆஸ்திரியாவின் இளம் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசெஃப், ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாயை வார்சாவில் நேரில் சந்தித்துப் படையுதவியை உறுதிசெய்துகொண்டார். ஹங்கேரியில் மூண்ட தீ தன் ஆளுகையிலிருந்த போலந்துக்கும் பரவிவிடும் என்ற அச்சம் நிக்கோலாய்க்கு இருந்தது. ஹங்கேரியப் படைகளில் போலந்துக்காரர்கள் பலர் பணியாற்றியது, குறிப்பாக டிரான்சில்வேனியாவில் படை நடத்திய ஜெனரல் பெம் ஒரு போலந்துக்காரர் என்பது, அந்த அச்சத்தை வளர்த்தது. ஏறத்தாழ 2 லட்சம் ரஷ்ய வீரர்கள் எல்லை கடந்து வந்த இந்தச் செய்திக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால், புரட்சி ஏன் தோற்றது என்பதே வாசகருக்குப் புரியாமல் போகிறது.

அடுத்தது கவிஞரின் முடிவு. பெயர் செகெஷ்வார் போர் என்றாலும், சண்டை நடந்தது அந்த நகருக்குக் கிழக்கே உள்ள ஃபெஹேரெட்ஹாசா கிராமத்தை ஒட்டித்தான். (இரண்டு ஊர்களும் இன்று ருமேனியாவில் இருக்கின்றன; செகெஷ்வாரின் இன்றைய பெயர் சிகிஷோவாரா.) தொடக்கத்திலேயே ஹங்கேரியர் சுட்ட பீரங்கிக் குண்டுக்கு ரஷ்யத் தளபதிகளுள் ஒருவரான ஸ்கார்யாட்டின் பலியானார். ஆயினும், எண்ணிக்கையில் மிகவும் குறைந்த பெமின் படையால் இறுதிவரை தாக்குப்பிடிக்க இயலவில்லை. ரஷ்யக் குதிரைவீரர்கள் ஈட்டிகளோடு பக்கவாட்டில் பாய்ந்ததும் அணிகள் சிதறின. பெமின் உதவி அதிகாரியாக இருந்த பெத்தோஃபி அன்று சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார். கடைசியாக அவரைக் கண்ட படை மருத்துவர் ஒருவர், தலையில் தொப்பியின்றி, சட்டைக் கழுத்து திறந்து கிடக்க, அவர் சாலையில் கால்நடையாக ஓடிக்கொண்டிருந்ததாகப் பதிவுசெய்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 26. வீட்டில் மனைவி யூலியாவும் எட்டு மாதம்கூட நிறையாத மகனும் இருந்தார்கள்.

கட்டுரையாளர் கவிஞரின் கையில் ஏன் வாளைக் கொடுத்தார் என்பதும் விளங்காமல் இல்லை. மெத்தையில் கிடந்து மெல்லமெல்லச் சாக வேண்டாம், போர்க்களத்தில் குதிரைகள் தன் உடலை மிதித்துச் செல்லட்டும், விடுதலைக்காக மாண்டவர்களோடு ஒரே குழியில் தன்னையும் புதைக்கட்டும் என்று 1846 இறுதியில் பெத்தோஃபி பாடியிருந்தார். பாட்டில் கேட்ட சாவை வாழ்க்கை அப்படியே கொடுத்தது என்று எழுதக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் பாடியவர் ஓடினார், பிழைக்க விரும்பினார். அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய உடல் அடையாளம் காணப்படவே இல்லை. களத்தில் மாண்டவர்களைப் பொதுக்குழிகளில் புதைத்துவிட்டார்கள். அதனால்தான் அவர் சைபீரியாவுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டார் என்ற வதந்தி தலைமுறைகள் கடந்தும் உலவியது. 1989இல் சைபீரியாவின் பார்குஸின் என்னும் ஊரில் தோண்டியெடுத்த எலும்புக்கூட்டை அவருடையது என்று சிலர் அறிவித்ததையும், அது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு என்று கூறி ஹங்கேரிய அறிஞர்கள் மறுத்ததையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். ரஷ்யர்களின் பங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செகெஷ்வார் போர் முடிந்த பதின்மூன்றாம் நாள், ஆகஸ்ட் 13 அன்று, விலாகோஷ் என்னும் ஊரில் ஹங்கேரியப் பெரும்படை ஆயுதங்களை ஒப்படைத்ததும் ரஷ்யர்களிடம்தான்.

இடமின்மையால் முழுத் திருத்தம் வெளியிட இயலாவிட்டாலும், படத்தின் கீழே ‘ஆஸ்திரியக் குதிரைப்படை’ என்று அச்சாகியிருப்பதை அடுத்த இதழில் ‘ரஷ்யக் குதிரைப்படை’ என்று மாற்றிக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்