தலைமாட்டில் நின்ற டாக்டரம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அம்மா மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்துவிட்டார். பேசுகிறார், சாப்பிடுகிறார், சாயங்காலம் வாசலில் வந்து உட்காருகிறார். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு. ஆபரேஷன் முடிந்தால் சர்ஜனைத்தான் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவோம். தலைமாட்டில் நிற்கிறவரை யாரும் தேடுவதில்லை. ஆன்டிபயாடிக் ஏறிய சற்று நேரத்தில் பிரஷர் மளமளவென இறங்கி, மெஷினால் காற்றை உள்ளே தள்ள முடியாதபடி மூச்சுக்குழாய் இறுகியபோது, இது அலர்ஜிதான் என்று கண்டுகொண்டவர் அவர். உடம்பு முழுக்கத் துணி போர்த்தியிருந்ததால் தடிப்பு யார் கண்ணிலும் படவில்லையாம். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அட்ரினலினைக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் போட்டு, சலைனை வேகமாக ஓடவிட்டு, அம்மாவை மீட்டுக் கொடுத்தார்.

அது அவர் வேலைதானே என்று யாராவது சொல்லலாம். சரி. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு, டியூட்டி முடிந்து, தோளில் பையோடு வந்து அம்மா கட்டிலில் உட்கார்ந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கையில் ஒரு அட்டை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ், எல்லாம் அவர் கையெழுத்து. அந்த நேரத்தில் கொடுத்த மருந்துகள் அத்தனையும், எது எப்போது போனது, உடனே என்ன ஆனது, எது கொடுத்துச் சரியானது என்று வரிசையாக எழுதியிருந்தார். அதிகம் சந்தேகப்படும் மருந்தின் கீழே சிவப்புக் கோடு.

"எங்க, பேரைச் சொல்லுங்கம்மா பார்ப்போம்" என்றார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். "செப்பு..." என்று தடுமாறினார். டாக்டரம்மா அவசரப்படவில்லை. "செஃப்... ட்ரை... யாக்... சோன்" என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். அம்மா ஒரே மூச்சில் சொல்லும்வரை பிடித்த கையை விடவில்லை. "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசி போடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடுங்கம்மா."

அப்புறம், தியேட்டர் டெக்னீஷியன், ராத்திரி முழுக்க மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஐசியூ சிஸ்டர்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்கா, புதுச்சேரியிலிருந்து ஓடிவந்த சித்தப்பா, காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், பாடலீஸ்வரர் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து பூசிய அத்தை எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

அட்டையை நகல் எடுத்துவிட்டேன். அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று, ரேஷன் கார்டு உறைக்குள் ஒன்று, என் பர்ஸில் ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது ஊசி போட்டதும் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், அந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் விசாரிக்க வரும்போது அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

எந்த மருந்து என்று உறுதி செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை செய்ய வேண்டுமாம். முடிவு வந்ததும் முதலில் டாக்டரம்மாவிடம்தான் காட்டப் போகிறோம்.