அந்தப் பையனுக்கு நாள் குறிக்காதீர்கள்

பிரெஞ்சு சைக்கிள் ரசிகப் பெருமக்களே, விளையாட்டுப் பத்திரிகை நண்பர்களே, அப்புறம் லியோன் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்க வந்த இடத்தில் டூர் பேசும் நம்மவர்களே,

வணக்கம்.

2025 அக்டோபர் 23 அன்று பாரிசில், 2026 டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் பந்தயத்தின் பாதையை அறிவித்தார்கள். ஜூலை 4, பார்சிலோனாவில் தொடக்கம், முதல் நாளே அணி அணியாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் டைம் ட்ரையல், கடைசி வாரத்தில் ஆல்ப் துயேஸ் மலை அடுத்தடுத்து இரண்டு நாள். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. நீங்கள் கேட்டதோ ஒரே கேள்வி. நம் பத்தொன்பது வயதுப் பிரெஞ்சுப் பையன் சேக்சாஸ் வருகிறானா? வந்தால் எத்தனையாவது இடம்? அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. என் வேலையிடத்தில், சைக்கிளுக்கு எத்தனை கியர் என்றே தெரியாத ஒருவர்கூட என்னைப் பிடித்து, "2026 சீக்கிரமோ, 2027-இல் அடிப்பானோ?" என்று கேட்கிறார்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். பால் சேக்சாஸ் எப்போது டூர் ஓட வேண்டும் என்று நீங்கள் நாள் குறிக்காதீர்கள். எப்போது ஜெயிக்க வேண்டும் என்று தயவுசெய்து குறிக்கவே குறிக்காதீர்கள்.

அவன் யார், என்ன செய்தான் என்று உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. 2024-இல் சூரிச்சில் ஜூனியர் உலக டைம் ட்ரையல் பட்டம், 2025-இல் 18 வயதில் நேராகப் பெரியவர்களோடு, டூருக்கு முன்னோட்டமான தோஃபினே பந்தயத்தில் 8-வது, ஆகஸ்டில் இளைஞர்களுக்கான டூர் த லாவெனிர் வெற்றி, கிகாலி உலகப் போட்டியில் 13-வது, இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தில் 7-வது. என்னைவிட உங்களுக்கு இது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட, மிதிக்கும் வலுவை அளக்கும் வாட் கணக்கோடு ஒப்பிப்பீர்கள்.

ஆனால் அக்டோபர் 5-ஆம் தேதி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆர்தேஷில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நானும் வால் தான்ஃபேர் ஏற்றத்தில் கூட்டத்தோடு நின்றேன். சின்ன ஏற்றம்தான், ஆனால் செங்குத்து, அதனால் ஓட்டுகிறவர்களின் முகத்தை நன்றாகப் பார்க்கலாம். டூரைப் பலமுறை ஜெயித்த பொகாச்சர் கடந்த நேரத்தில் ஏதோ மளிகை வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தார். ஒலிம்பிக் சாம்பியன் எவனபூல் பல்லைக் கடித்திருந்தார். அப்புறம் வெகுநேரம் கழித்து அந்தப் பையன். வாய் திறந்தபடி, கன்னத்தில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாக, கண் சாலையில் ஒரே புள்ளியில். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பத்தொன்பது வயது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளை, 200 கிலோமீட்டர் தாண்டிய ஒரு பந்தயத்தின் முடிவில் தன்னிடம் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு டூர் ஜெயித்த விங்கெகார்டே நூறு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும்போதே பின்தங்கிப்போன பந்தயம் அது. வெண்கலம் வாங்கினான். நானும் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன், அதில் குற்றமில்லை.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் கையில் கொடி, கண்ணில் தண்ணீர். பையன் கோட்டைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, என் பக்கம் திரும்பி, "சரி, அப்போ ஜூலையில் பார்க்கலாம்" என்றார்.

ஐந்து நிமிடம்! வெண்கலத்தைக் கழுத்தில் மாட்டக்கூட இல்லை ஐயா.

அன்று அவன் பொகாச்சருக்கு மூன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்னால் வந்தான். இதைச் சொன்னால் என்னைத் துரோகி மாதிரி பார்க்கிறீர்கள். பத்தொன்பது வயதில் அது மலைக்க வைக்கும் ஓட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் மூன்றரை நிமிடம். டூர் 21 நாள். இந்தக் கணக்கைப் பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்கள், ஏனென்றால் போட்டால் தலைப்பு கிடைக்காது.

1985-இல் பெர்னார் இனோ ஜெயித்தார். அதற்குப் பிறகு டூரை எந்தப் பிரெஞ்சுக்காரரும் ஜெயிக்கவில்லை. நாற்பது வருடம். இந்த நாற்பது வருடத்தையும் நீங்கள் ஒரு காவடி மாதிரி செய்து வைத்துக்கொண்டு, யாராவது ஒரு பையன் மலையில் நன்றாக ஏறுகிறான் என்று கேள்விப்பட்டதும் அவன் தோளில் ஏற்றிவிடுகிறீர்கள். 2025 ஜூன் மாதம் தோஃபினேயில் பிரெஞ்சு வீரர் ரொமான் பார்தே விடைபெற்றார். டூரில் ஒருமுறை இரண்டாம் இடமும் ஒருமுறை மூன்றாம் இடமும் வாங்கிய மனிதர். அவர் இறக்கி வைத்த அதே பந்தயத்தில், அதே வாரத்தில், அடுத்த தோளைத் தேடிப் பிடித்துவிட்டீர்கள்.

பார்தேயை விடுங்கள். நான் இன்னொரு பிரெஞ்சு வீரர் திபோ பினோவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் அவரைக் காதலித்தீர்கள், அந்தக் காதல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2012. அவரை அந்த வருடம் டூருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மேலாளர் மார்க் மாதியோவுக்கே தயக்கம். 22 வயது, பந்தயத்திலேயே இளையவர். போனார், பொராந்துருயியில் முடிந்த ஒரு நாள் ஓட்டத்தைத் தனியாக வந்து ஜெயித்தார். மாதியோ கார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கதவைத் தட்டித் தட்டிக் கத்திய காட்சி உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மொத்தத்தில் 10-வது இடம். யாரும் எதையும் கேட்காத மூன்று வாரத்தில் அந்தப் பையன் செய்தது அது.

அடுத்த வருடம் 2013. அதே பையன், அதே சைக்கிள், அதே சாலைகள். ஆனால் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பிரனே மலைகளில் முதல் நாள், பொர்த் த பயேர் கணவாய். ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போது கால் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. வேகத்துக்குப் பயம். ஒளிக்காமல் சொன்னார், சிலருக்குப் பாம்பைக் கண்டால் எப்படியோ எனக்கு வேகம் அப்படி என்று. அன்று ஆறு நிமிடத்துக்கு மேல் போனது. அந்த இறக்கத்தை மறுபடி பார்த்தால் கவனியுங்கள், வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கில் விரல், முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் சிறிதாகிக்கொண்டே போகிறார்கள், பின்னால் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் தாண்டிப் போகிறார்கள், கேமரா மோட்டார் சைக்கிள் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. மலையில் சம்பாதித்ததை எல்லாம் ஓர் இளைஞன் நாடே பார்த்துக்கொண்டிருக்க இழப்பதை நேரலையில் காட்டினார்கள். அன்று மாலை கஃபேக்களில் சிரித்தவர்கள் யார் என்று நான் கேட்க மாட்டேன். பிற்பாடு தொண்டை நோயோடு பந்தயத்தை விட்டு விலகினார்.

அதே 2013-இல் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்தா ஓடினார். பிரெஞ்சுக் கேமராக்கள் இல்லாத செப்டம்பர். 7-வது இடம்! அடுத்த ஜூலையில் டூரில் மூன்றாம் இடம். இறங்கும் பயத்தைப் போக்க ரேஸ் கார் ஓட்டப் பழகினார் என்பார்கள், அது உதவியிருக்கலாம். யாரும் எட்டிப் பார்க்காத அந்த மூன்று வாரம் அதைவிட உதவியது என்பது என் கட்சி.

2019-ஐ நான் நினைவூட்டத் தேவையில்லை. டூரில் தூர்மாலே மலையில் ஜெயித்தார், ஆறே நாளில் தொடைத் தசை கிழிந்து, அணித் தோழர் வில்லியம் போனே தோளில் கை போட்டுத் தேற்ற, அழுதுகொண்டே காரில் ஏறினார். அப்போதும் கேமரா நகரவில்லை. அதே வருடம், யாரும் பட்டியலில்கூட எழுதாத பிரெஞ்சு வீரர் அலாஃபிலிப், மொத்தத்தில் முதலில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை 14 நாள் போட்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது, உங்களுக்கும் தோன்றினால் நல்லது.

"பொகாச்சர் 21 வயதில் டூர் ஜெயிக்கவில்லையா?" என்பது உங்கள் கையில் உள்ள துருப்புச் சீட்டு. ஜெயித்தார். அதற்கு முன் என்ன செய்தார்? 2018-இல் லாவெனிர் ஜெயித்தார், அதாவது சேக்சாஸ் 2025-இல் ஏறிய அதே படி. 2019-இல் வுவெல்தா போனார், மூன்றாம் இடம். 2020-இல்தான் டூர். அந்த டூரிலும் அவர் நாடான ஸ்லோவேனியா முழுக்க, முன்னணியில் இருந்த இன்னொரு ஸ்லோவேனியர் ரோக்லிச்சின் மஞ்சள் ஜெர்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின நாள் மாலை வரை இந்தப் பிள்ளை ஜெயித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் சேக்சாசுக்கு அந்த ரோக்லிச் எங்கே? அவனுக்கு முன்னால் நின்று வெயிலை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

பத்தொன்பது வயதில் டூர் ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் முன்மாதிரி உண்டு, கவலைப்படாதீர்கள். 1904, ஆன்ரி கோர்னே. ஐந்தாவதாக வந்தார். முன்னால் வந்த நான்கு பேரும் மோசடி செய்தார்கள் என்று அவர்களைத் தகுதி நீக்கம் செய்து இவரை வெற்றியாளர் ஆக்கினார்கள். அந்தத் திட்டத்துக்கு ஆதரவு இருந்தால் பொகாச்சர், விங்கெகார்ட், எவனபூல் மூவர் மேலும் இப்போதே புகார் தயாரிக்க ஆரம்பிக்கலாம்.

இன்னொரு விஷயம், கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 3 அன்று ஷாத்தேலில் நம் பிரெஞ்சு வீராங்கனை போலின் ஃபெராண்-ப்ரெவோ பெண்களின் டூரை ஜெயித்தார். கடைசி இரண்டு மலை நாளையும் தானே வென்று, மஞ்சள் ஜெர்சியோடு. பிரான்ஸ் டூர் ஜெயித்தாயிற்று ஐயா! ஒரு வாரம் கொண்டாடினீர்கள், பிறகு மறுபடி "1985-க்குப் பிறகு யாருமே இல்லை" என்ற பழைய பல்லவி. உங்களுக்கு வேண்டியது வெற்றி இல்லையோ, அந்த ஏக்கம்தான் பிடித்திருக்கிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம். லொரான் ஃபினியோன் இரண்டு டூர் ஜெயித்தவர். சாகும்வரை அவரிடம் கேட்டதெல்லாம் 1989-இல் தோற்ற அந்த 8 விநாடியைப் பற்றி.

சரி, மரியாதையாக எழுத உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

நான் அவன் டூருக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அது அவனும் அவன் அணியும் பெற்றோரும் பேசி முடிக்க வேண்டியது. 2026 முதல் அணியின் பெயரில் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்றும் சேர்கிறது, பணம் போட்டவர்களுக்கு ஜூலையில் முகம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வெளியிலிருந்தும் நாம் தள்ளக் கூடாது என்கிறேன். போனால் போகட்டும், ஒரு நாள் முன்னணியில் ஓடி, அடுத்த நாள் அரை மணி நேரம் பின்தங்கி வந்து, அதைப் பற்றி யாரும் நாலு பத்தி எழுதாமல், தூங்கி எழுந்து மறுநாள் சைக்கிள் ஏறட்டும். போகாவிட்டால் போகாமல் இருக்கட்டும். நாள் குறிப்பது உங்கள் வேலை இல்லை, என் வேலையும் இல்லை.

பத்திரிகை நண்பர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வசந்தகாலப் பந்தயங்களில் அவன் கோட்டைத் தாண்டி வந்து, முகத்தைத் துடைக்கத் துண்டு கையில் வாங்குவதற்குள் மைக் நீட்டுவீர்கள். நீட்டுங்கள், அது உங்கள் பிழைப்பு. அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஏற்றத்தில் கால் கனத்தது, எந்த வளைவில் வழி தவறியது, யார் சக்கரத்தைப் பிடித்து வந்தான் என்று கேளுங்கள். டூர் பற்றிய கேள்வியை மட்டும் பையிலேயே வைத்திருங்கள். அணி பட்டியல் வெளியிடும் அன்று கேட்டுக்கொள்ளலாம்.

வாட் கணக்கு போடும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அவன் எடையைக் கிலோ கணக்கில் ஊகித்து எழுதி, இன்னும் இரண்டு கிலோ குறைத்தால் பொகாச்சரைப் பிடிப்பான் என்று முடிவுரை எழுதுகிறீர்களே, அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இந்த ஊர் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வரும் பிள்ளைகளில் மதியச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைப்பவர்களை நான் பார்க்கிறேன். அதை நிறுத்துங்கள். இதில் மட்டும் "தயவுசெய்து" போட எனக்கு மனம் வரவில்லை.

மற்றவற்றுக்கெல்லாம் தயவுசெய்து. டூர் கேள்வியை 2026 ஜூன் வரை அவன் முகத்துக்கு முன்னால் கொண்டு போகாதீர்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து வந்து லியோனில் தங்கிவிட்ட, சாலையோரம் நின்று கத்தும் ஒரு ரசிகன்