நோயில்பூசுதலை மரணப் படுக்கைவரை தள்ளிப்போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் கிறிஸ்தவத்தின் அருட்சாதனங்களை, அதாவது இறையருளைத் தரும் புனிதச் சடங்குகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். திருமுழுக்கு, நற்கருணை, திருமணம் பற்றியெல்லாம் விரிவாக, நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நோயில்பூசுதல் என்று வந்ததும் 'மரணப் படுக்கையில் இருப்பவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசுவது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களிலேயே பலர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம், அந்த நம்பிக்கையால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பெரிய ஆறுதல் கிடைக்காமலே போகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

விவிலியத்தில் யாக்கோபு திருமுகம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உங்களில் யாராவது நோயுற்றிருந்தால் அவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி அவருக்காக மன்றாடட்டும் என்கிறது. அழைப்பது யார்? நோயாளியேதான். அதாவது அவருக்கு நினைவு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, வருகிறவர்களோடு சேர்ந்து செபிக்கத் தெம்பும் கொஞ்சம் இருக்கிறது. ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார் என்றுதான் அந்தப் பகுதி தொடர்கிறது, சாவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

தொடக்கத்தில் திருச்சபையும் அப்படித்தான் நடந்துகொண்டது. திருத்தந்தை முதலாம் இன்னசென்ட் 416-இல் எழுதிய கடிதம் ஒன்றில், ஆயர் (பிஷப்) மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களுமே தங்கள் தேவைக்கும் தங்களைச் சேர்ந்தவர்கள் தேவைக்கும் பூசிக்கொள்ளலாம் என்கிறார். அப்புறம் இடைக்காலத்தில் பாவமன்னிப்பையே கடைசி மூச்சுவரை தள்ளிப்போடும் பழக்கம் வந்தது, அதோடு சேர்ந்து இந்தப் பூசுதலும் படுக்கையின் கடைசி நேரத்துக்குப் போய்விட்டது. 1439-இல் திருச்சபையின் பொதுச்சங்கமான ஃப்ளாரன்ஸ் சங்கம், இறந்துவிடுவாரோ என்று அஞ்சப்படும் நோயாளிக்குத் தவிர வேறு யாருக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. நம் பாட்டி தாத்தா காலத்தில் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற இதன் பழைய பெயரைக் கேட்டாலே வீட்டில் அழுகை தொடங்கியது என்றால் அது அவர்கள் குற்றம் இல்லை, நூற்றாண்டுக் கணக்கில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

ஆனால் அது மாறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாகச் சொன்னது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே திருத்தி அமைத்தார். இப்போது கடுமையான நோயில் இருப்பவர், பெரிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், வயதாகித் தளர்ந்துபோனவர் எல்லாருமே கேட்டுப் பெறலாம். குணமாகி மறுபடி நோய் வந்தாலும், அதே நோய் முற்றினாலும் திரும்பவும் பெறலாம். ஒரே ஒரு முறைதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் அப்பா இதய அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், சாமியாரைக் கூப்பிடுங்கள் என்றார். வீட்டில் எல்லாருக்கும் முகம் வெளுத்துவிட்டது, அதெல்லாம் எதுக்குப்பா, நல்லாத்தானே இருக்கீங்க என்று தடுத்தோம். அவர் விடவில்லை. குருவானவர் வந்து ஒன்றும் பேசாமல் அவர் தலைமேல் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிச் செபித்தார், சுற்றி நின்ற நாங்கள் ஆமென் சொன்னோம். பயந்துவிடுவார் என்று நாங்கள் நினைத்த மனிதர் அன்று இரவு நன்றாகத் தூங்கினார். நோயாளியின் பயத்தைவிடச் சுற்றியிருப்பவர்களின் பயம்தான் பெரும்பாலும் தடையாக நிற்கிறது என்பது என் கருத்து.

அருட்சாதனம் என்பதே கண்ணுக்குத் தெரியாத அருளைக் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற ஒன்றின் வழியாகக் கொடுப்பதுதானே? தண்ணீர், அப்பம், திராட்சை இரசம், எண்ணெய், தொடுகிற கை. ஆனால் பலர் உயிர் பிரிந்த பிறகுதான் அவசர அவசரமாகக் குருவானவருக்கு போன் செய்கிறார்கள். இறந்தவருக்கு இதைக் கொடுக்க முடியாது, குருவானவர் வந்து ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கத்தான் முடியும். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் பூசலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கென்று திருச்சபை வைத்திருப்பது கடைசியாக வழங்கும் நற்கருணை, வழித்துணை உணவு. அதை ஏறக்குறைய மறந்தே போய்விட்டோம்.

சீர்திருத்த சபைகள் ஞானஸ்நானம் (திருமுழுக்கு), திருவிருந்து (நற்கருணை) இரண்டை மட்டுமே அருட்சாதனமாக ஏற்கின்றன, நோயில்பூசுதலை அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அதில் எனக்கு வாதம் செய்ய ஆசை இல்லை, அவர்களிலும் பலர் எண்ணெய் பூசி நோயாளிக்காக ஜெபிக்கத்தான் செய்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பல இடங்களில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் புதன்கிழமை கோயிலுக்கு வரும் எல்லாருக்கும் பூசுகிறார்கள், படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்றே இல்லை.

கட்டுரையாளர் தவறான எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், சரி. ஆனால் அந்த ஒரு வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பாவது வெளியிடுங்கள். முடிந்தால், நோயாளி நினைவோடு இருக்கும்போதே குருவானவரை அழைக்கலாம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகி