ட்ரிகர் எடையை மட்டும் பார்க்காதீர்கள்: நீலகிரிச் சுடுதளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையில் ஏர் ரைஃபிள், .22 ரைஃபிள் பயிற்சி நடத்தும் சங்க நிர்வாகிகளுக்கும் தளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

"ட்ரிகரில் கை வைத்த துப்பாக்கிக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டால் யாரும் வீட்டில் ட்ரிகரைக் கழற்றி மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள். துப்பாக்கியின் மரக் கட்டையைக் கழற்றாமல் பார்த்தால் தொட்ட ட்ரிகரும் தொடாத ட்ரிகரும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேட்டால் "கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கு சார்" என்பார்கள். உங்கள் விதி, உண்மையைச் சொல்கிறவரை மட்டும் வெளியே நிறுத்தும்.

ஏன் கை வைக்கிறார்கள் என்பதிலும் நியாயம் உண்டு. சந்தையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் ட்ரிகர் எடை, அதாவது சுடுவதற்கு விரல் இழுக்க வேண்டிய பலம், இரண்டரை கிலோ, மூன்று கிலோ வரை இருக்கிறது. துப்பாக்கியின் மொத்த எடையே மூன்று கிலோ சொச்சம்தான். அந்த எடையை ஒரு விரலால் இழுத்தால் குறி நகராமல் என்ன செய்யும்? போட்டிக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ட்ரிகர் எடைக்குக் கீழ்வரம்பே சர்வதேச விதியில் கிடையாது. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம் என்ற வரம்பு. தளத்தில் அப்படிப்பட்ட போட்டி ரைஃபிளை ஒரு நாள் பிடித்துப் பார்த்த பிள்ளை, வீட்டுக்குப் போனதும் தன் ஸ்பிரிங் துப்பாக்கியைக் கழற்றத்தான் செய்யும். கழற்றட்டும். எதைத் தொடலாம், எதைத் தொட்டால் ஆபத்து என்று சொல்லிக்கொடுப்பதும், வாசலில் அதைச் சோதிப்பதும் உங்கள் வேலை. அதற்குத்தான் இந்த மடல்.

ஒரு கோட்டை முதலிலேயே போட்டுவிடுவோம். 4.5 மி.மீ. (.177) குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் கொண்ட, உரிமம் தேவைப்படாத ஏர் ரைஃபிளைப் பற்றித்தான் கீழே செய்முறை சொல்கிறோம். .22, .315 போன்ற உரிமத் துப்பாக்கிகளில் வீட்டு வேலை என்ற பேச்சே வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவில், பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும்கூட உரிமம் கேட்கிறது. அது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரின் மேசையில் நடக்க வேண்டிய வேலை. குரங்கு விரட்ட ஏர் கன் வாங்கி அதன் ட்ரிகரை இளக்கப் பார்க்கிறவருக்கும் இந்த மடலில் ஒன்றும் இல்லை. அவர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படிக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங் துப்பாக்கியை மடக்கி ஏற்றும்போது பெரிய ஸ்பிரிங் பிஸ்டனோடு பின்னால் போய், சியர் என்ற கொக்கியில் மாட்டி நிற்கிறது. அந்த ஸ்பிரிங்கின் முழுத் தள்ளலையும் அந்தச் சின்னக் கொக்கியின் விளிம்பு தாங்குகிறது. ட்ரிகரை இழுப்பது என்றால், பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் ஓர் உலோக முகத்தை இன்னொன்றின் மேல் உரசி நகர்த்துவது. விரலுக்குத் தெரியும் எடையில் பெரும்பங்கு இந்த உரசல். ட்ரிகரைப் பழைய இடத்துக்குத் திருப்பும் சின்ன ஸ்பிரிங்கின் பங்கு கொஞ்சம்தான்.

வீட்டில் செய்பவர்கள் முதலில் கை வைப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங்கில்தான். கட்டிங் பிளேயரால் இரண்டு சுற்று வெட்டுவார்கள், இல்லையென்றால் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை மாட்டுவார்கள். எடை 2.8 கிலோவிலிருந்து 2.5-க்கு இறங்கும், அவ்வளவே. போனது வேறு ஒன்று: சியரை முழுதாகத் திருப்பி மாட்டவைக்கும் வேலையை அந்த ஸ்பிரிங்தான் செய்துகொண்டிருந்தது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல் மேல் உறைபனி படியும் காலையில், உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். வெட்டிய ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளிக்கொண்டு திரும்பும் வலு இல்லை. சியர் பாதி மாட்டிய நிலையில் நிற்கும். ஏற்றிய குழலை மூடும் அதிர்ச்சியிலேயே அது வழுக்கிவிடலாம். மத்தியானம் வெயில் வந்தபின் சோதித்தால் "நல்லாத்தான் இருக்கு" என்று தோன்றும்.

அடுத்தது எண்ணெய்க்கல்லும் உப்புத்தாளும். சியரின் முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்தால் உரசல் குறையும் என்ற கணக்கு பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்து. இந்தச் சின்னப் பாகங்கள் பெரும்பாலும் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கனம்தான். அதைத் தேய்த்துத் தாண்டிவிட்டால் கீழே மெத்தான இரும்பு. முதல் வாரம் ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும், சில நூறு குண்டுக்குப் பிறகு விளிம்பு மழுங்கும். கோணம் மாறுவது அதைவிடக் கெட்டது. தொழிற்சாலையில் அந்த முகம், ட்ரிகரை இழுக்கும்போது பிஸ்டனை மயிரிழை பின்னுக்குத் தள்ளும்படி வெட்டப்பட்டிருக்கும். அதனால் பாதியில் விரலை எடுத்தால் தானே திரும்பி மாட்டிக்கொள்ளும். கையில் பிடித்துத் தேய்த்தவர் அந்தக் கோணத்தை ஓரிரு டிகிரி எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால், ஸ்பிரிங்கே சியரை வெளியே தள்ளத் தொடங்கும். அது தொட்டால் வெடிக்கும் துப்பாக்கி. கோணத்தைப் பிடித்துத் தரும் ஜிக் இல்லாமல் கல் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மலைக்கே உரிய மூன்றாவது தவறு ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. பிஸ்டன் அமுக்கக் கிடைக்கும் காற்றே குறைவு என்பதால், மேட்டுப்பாளையத்தில் அடித்த வேகத்தில் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) இங்கே போகாது. "பவர் போயிடுச்சு" என்று கனமான ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறார்கள். மெத்தை போலத் தாங்க வேண்டிய காற்றும் குறைவாக இருப்பதால் பிஸ்டன் முன்னால் போய் மோதும். சியர் மேல் பாரமும் ஏறும். பாரம் ஏறினால் ட்ரிகர் இன்னும் கனக்கும், கனத்த ட்ரிகரை இளக்க மறுபடி அரம் எடுப்பார்கள். ட்ரிகர் கனமாகிவிட்டது என்று யாராவது வந்தால், ஸ்பிரிங் மாற்றினாயா என்று முதலில் கேளுங்கள்.

சரி, வீட்டில் எதைச் செய்யலாம்? முதலில் அளக்க வேண்டும். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு போதும். துப்பாக்கியை மணல்பையில் கிடையாக அமர்த்தி, குழல் வாய் பெல்லட் பெட்டியை (சுட்ட குண்டைத் தாங்கும், துணி திணித்த பெட்டி) பார்க்க, பெல்லட் போட்டு ஏற்றி, கொக்கியை ட்ரிகரின் நடு வளைவில் மாட்டி, குழலுக்கு நேர்கோட்டில் பின்னால் மெதுவாக இழுக்க வேண்டும். பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் சீல் கிழியும், அதனால் வெற்றுச் சோதனை கூடாது. பத்து முறை அளந்து எழுதட்டும். சராசரியைவிட முக்கியம் ஏற்ற இறக்கம். பத்து அளவும் 200 கிராமுக்குமேல் சிதறினால் உள்ளே அழுக்கோ துருவோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கூடலூர், தேவாலா பக்கத் தென்மேற்கு மழையில் மூன்று மாதம் அலமாரியில் கிடந்த துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம்.

பிறகு கட்டை ஸ்க்ரூக்கள். முன்பக்க இரண்டும் ட்ரிகர் கார்டு ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தால் ட்ரிகர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும். இறுக்கிப் பார்த்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

அதற்குமேல் போகிறவர், துப்பாக்கி ஏற்றப்படாத நிலையில் கட்டையைக் கழற்றலாம். ட்ரிகர் பெட்டியின் பின்களைத் தட்டக் கூடாது. பல மாடல்களில் பெரிய ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைப் பிடித்திருப்பதே அந்தப் பின்கள்தான், ஸ்பிரிங் அமுக்கி இல்லாமல் எடுத்தால் முகத்தில் வந்து விழும். தெரியும் இடத்தை மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ பிஸ்டனுக்கு முன்னால் போய்விட்டால், சுடும்போது அமுங்கிய காற்றின் சூட்டில் டீசல் என்ஜின் மாதிரி வெடித்துப் புகை வரும். சீலும் ஸ்பிரிங்கும் போகும். பிறகு உரசும் முகங்களில் மட்டும் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற உரசல் குறைக்கும் பேஸ்ட்: பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்தது போதும். கரடுமுரடான ட்ரிகரில் இது ஒன்றே கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் காட்டும்.

கடைசியாகத்தான் ஸ்க்ரூ. எந்த ஸ்க்ரூ எதைத் தள்ளுகிறது என்று பார்க்காமல் திருகுவதுதான் பெரும்பாலான விபத்துக்கு வழி. ஜெர்மன் வைராவ் துப்பாக்கிகளின் ரெக்கார்ட் ட்ரிகரில் பின்னால் உள்ள ஸ்க்ரூ ஸ்பிரிங்கை அழுத்துகிறது, அது எடைக்கானது. முன்னால் உள்ளது முதல் கட்டத்தின் (ட்ரிகர் லேசாக நகரும் தொடக்க இழுப்பு; அதன்பின் தடை தட்டுவது இரண்டாம் கட்டம்) தூரத்தை மாற்றுவது. பல மலிவு மாடல்களில் இருக்கும் ஒற்றை ஸ்க்ரூவோ எடையைத் தொடுவதே இல்லை, சியர் எவ்வளவு ஆழம் மாட்டுகிறது என்பதைக் குறைக்கிறது. "திருகத் திருக லேசாகுது" என்று மகிழ்கிறவர் தன் பாதுகாப்பைத்தான் திருகிக்கொண்டிருக்கிறார். பழைய இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. பிறகு ஒரு தடவைக்குக் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மறுபடி சோதனை. இரண்டாம் கட்டம் விரலுக்குத் தெரியாமல் மறைந்தால் அளவு தாண்டிவிட்டது, அரைச் சுற்று திரும்பி வர வேண்டும். நின்ற இடத்தில் ஒரு துளி நீல லாக்டைட் (ஸ்க்ரூ நகராமல் பிடிக்கும் பசை). சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழலாது. ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ கிடைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பளிக் கையுறை போட்ட விரலுக்கு 300 கிராம் ட்ரிகர் இருப்பதே தெரியாது.

உங்கள் வாசல் சோதனைக்கு வருகிறோம். எடை மட்டும் பார்த்து 1.2 கிலோ, சரி என்று உள்ளே விடாதீர்கள். மழுங்கிய சியரும் 1.2 கிலோ காட்டும். பெல்லட் பெட்டியை நோக்கி வைத்து, ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை வழக்கத்தைவிட அழுத்தமாக இழுத்துப் பிறகு விடுங்கள். கையை எடுத்தபின் சேஃப்டியை விடுவியுங்கள். அப்போது சுட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு உள்ளே வரக் கூடாது. அடுத்து மறுபடி ஏற்றி, சேஃப்டி எடுத்த நிலையில் ரப்பர் சுத்தியலால் கட்டையின் பின்முனை, இரண்டு பக்கம், அடிப்பாகம் என்று தட்டுங்கள். இதை ஐந்து முறை. சுட்டுவிட்டால் இதிலும் தேறாது. மடக்குத் துப்பாக்கியில் பெல்லட் வைக்கும்போது ஒரு கை எப்போதும் குழலைப் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் சோதிப்பவரே செய்து காட்டட்டும். சியர் வழுக்கினால் குழல் கத்தி மாதிரி மூடும், விரல் அங்கே இருந்தால் போய்விடும். ஏற்றும்போது ட்ரிகரைத் தடுக்கும் கொக்கியை "வழியில் நிற்குது" என்று சிலர் அரத்தால் எடுத்துவிடுகிறார்கள். அது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உரிமத் துப்பாக்கிக்குச் சோதனை வேறு: சேம்பர் (தோட்டா இருக்கும் அறை) காலி என்று இரண்டு பேர் பார்த்தபின், அதை மூடும் போல்ட்டைப் பத்து முறை வேகமாக அடித்து மூடி, ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) ஏறியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழில் தரத்தில் 12 அங்குல உயரத்திலிருந்து ரப்பர் பாய் மேல் விழவைக்கும் அதிர்வுச் சோதனையும் உண்டு, அதை உங்கள் ஆயுதக் கம்மியர் காலித் துப்பாக்கியில் செய்யலாம். தொழிற்சாலைச் சரக்கு என்றாலே நம்பிவிட முடியாது: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் ரைஃபிள்களை அமெரிக்க நிறுவனமான ரெமிங்டன் 2014-இல் சரிபார்ப்புக்குத் திரும்ப அழைத்தது. உள்ளே அதிகமாகப் போன ஒரு துளிப் பசைதான் காரணம்.

பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்ட் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சியர் இரும்பு உடலிலும் ட்ரிகர், கட்டைக்குக் கீழே உள்ள கார்டிலும் மாட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் மரம். மழையில் மரம் ஊதினால் முதல் கட்டம் நீளும். பனிக்கால வறட்சியில் மரம் சுருங்கி, ஸ்க்ரூவையும் இறுக்கினால் ட்ரிகர் சியரை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டே நிற்கும். பிறகு வந்த நம்பர் 4 மார்க் 2 மாடலில் ட்ரிகரை உடலிலேயே மாட்டினார்கள். ஜூலையில் சரியாக இருந்தது ஜனவரியில் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை பாருங்கள்.

ஞாயிறு காலையில் வாசலில் ஒரு மேசை, கொக்கித் தராசு, ரப்பர் சுத்தியல், டார்ச், பழைய துணி திணித்த இரும்புத் தகட்டுப் பெட்டி, ஒரு நோட்டு. துப்பாக்கி எண், பத்து அளவுகள், தேதி. தேறாததைப் பறிமுதல் செய்யாதீர்கள், செய்தால் அடுத்த வாரம் யாரும் மேசைக்கு வர மாட்டார்கள். சிவப்புச் சீட்டுக் கட்டி, எந்தச் சோதனையில் விழுந்தது என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். மேசையில் உட்கார ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் ஏர் ரைஃபிள் பழுதுபார்ப்பவர்களும் பயிற்சி தருபவர்களும் சிலர்