மேடைக்குப் பலகை, முரசுக்குத் தோல்: தாமான் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் கலை வகுப்பின் மேடையைச் சீராக்கவும் முரசுகளுக்குத் தோல் மாற்றவும் ஜூலை 31-க்குள் இன்னும் 11,200 ரிங்கிட் சேர வேண்டும். தொகையைக் கடைசி வரியில் வைத்தால் பலர் அதுவரை படிப்பதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

ஜொகூர் பாருவில் நம் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும் கலை வகுப்பை நீங்கள் அறிவீர்கள். சீன நடனம், 24 பருவ முரசு, பரதம், மலாய்க் கைமுரசான கொம்பாங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்த மண்டபத்து மேடையைக் கரையான் தின்றுவிட்டது. மயில் நடனம் பயிலும் ஒரு பிள்ளையின் கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. இறைவன் அருளால் சிராய்ப்போடு போயிற்று. இப்போது மேடையைக் கயிறு கட்டி அடைத்திருக்கிறோம், பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் ஆடுகிறார்கள். செப்டம்பர் 16, மலேசிய தினக் கலை இரவு அந்த மேடையில்தான் நடந்தாக வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரமே வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறார் தச்சர். முரசு செய்பவரோ முன்பணம் இல்லாமல் தோலைத் தொடமாட்டார்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கலைகளைக் கைவிட்டால் அது நமக்கு அழகல்ல. ஜாலான் துருஸ் சாலையில் இருக்கும் பழைய சீனக் கோயிலிலிருந்து சிங்கே ஊர்வலம் 1870-களிலிருந்து புறப்பட்டு வருகிறது. தியோசியூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனியர், ஹைனானியர் என ஐந்து பிரிவினரும் ஆளுக்கொரு தெய்வத்தைச் சுமந்து, சீனப் புத்தாண்டு மாதத்தின் 21-ஆம் நாள் இரவில் வீதியுலா வருவார்கள். தேரோட்டத்துக்குத் தோள் கொடுத்துப் பழகிய நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 24 பருவ முரசு பிறந்ததும் இதே ஜொகூர் பாருவில்தான். டான் ஹூய் சோங், டான் சாய் புவான் என்ற இருவரும் 1988-இல் அதை உருவாக்கினார்கள். ஒவ்வொரு முரசின் மேலும் சீன உழவர் நாட்காட்டியின் ஒரு பருவத்தின் பெயர் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். சீனாவில் இருந்து வந்த கலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நம் ஊர்ச் சரக்கு. 2009-இல் அது தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டது. சிங்க நடனம் ஆடக் காவல்துறை அனுமதிக்கு அலைந்த காலத்தைப் பார்த்த நம் மூத்த செயலவை உறுப்பினர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.

"நம் பிள்ளைகளுக்குச் சீன நடனம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 1958-லேயே சிங்கப்பூரில் பரதக் கலைஞர் சாந்தா பாஸ்கர் சீனர்களின் 'வண்ணத்துப்பூச்சிக் காதலர்' கதையைப் பரதநாட்டியமாக மேடையேற்றிவிட்டார். வகுப்புக்கு வந்து பாருங்கள். யுன்னான் பகுதியின் தை இன மக்களுடைய மயில் நடனத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர, மற்ற மூன்றும் கொண்டையாக விரியும். பரதத்தின் மயூர முத்திரையில் கட்டைவிரலோடு சேர்வது மோதிர விரல். இரண்டையும் கற்கும் நம் பெண் பிள்ளைகள் ஆசிரியை கைதட்டியதும் ஒரு மயிலிலிருந்து இன்னொரு மயிலுக்கு மாறுவதைப் பார்த்தால் அப்புறம் இந்தக் கேள்வி வராது. நீள்கை நடனம் அதைவிடக் கடினம். கையைத் தாண்டித் தொங்கும் சட்டைக்கையின் வெண்பட்டுத் துணியை மணிக்கட்டால் வீசி, அது தரையைத் தொடுமுன் மடிப்பு மடிப்பாக முன்கைக்கே திரும்ப வாங்க வேண்டும்.

முரசில் மாட்டுத் தோல் இருக்கிறது என்று முகம் சுளித்த இரண்டொருவருக்கும் ஒரு வார்த்தை. மிருதங்கத்தில் இருப்பது எந்தத் தோல் என்று வித்வானை விசாரித்துவிட்டு வாருங்கள்.

இனி கணக்கு. மேடைப் பலகைக்கும் தச்சு வேலைக்கும் 9,500 ரிங்கிட். கிழிந்த 7 முரசுகளுக்குத் தோல் மாற்ற, ஒன்றுக்கு 380 வீதம் 2,660. புது முரசு 4 வாங்க 3,400. நீள்கை உடையும் மயில் பாவாடையும் 18 பேருக்கு 2,880. இரண்டு ஆசிரியர்களுக்கு ஆறு மாதச் சன்மானம் 4,800; அவர்கள் பெட்ரோலுக்கே அது போதாது என்பது வேறு விஷயம். ஒலி அமைப்பு, பஸ் எல்லாம் சேர்த்து 2,260. ஆக மொத்தம் 25,500. கையில் இருப்பது 14,300. வரும் என்று நம்பியிருந்த மானியம் ஒன்று வரவில்லை. அதற்காக யாரையும் குறைசொல்லி இனி ஆவதொன்றுமில்லை.

அந்த 14,300-ஐத் தந்தவர்களை மறந்தால் நன்றி கொன்றவர்கள் ஆவோம். பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. மளிகைக் கடை சீனப் பெரியவர் ஒவ்வொரு பயிற்சி முகாமுக்கும் அரிசி மூட்டை இறக்கியதோடு, இம்முறை ஆயிரம் ரிங்கிட்டும் தந்தார். கொம்பாங் குழுவின் மலாய் அக்கா, நோன்புப் பெருநாள் பலகாரம் விற்ற லாபத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஐயா முரசுகளை ஏற்றி இறக்க இதுவரை ஒரு காசு வாங்கியதில்லை. ஆலயத்தில் பூத்தொடுக்கும் அம்மா ஐம்பது ரிங்கிட்டை வெற்றிலையில் வைத்துத் தந்தார். அந்த ஐம்பதை எண்ணும்போது பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. சபேசனின் அருள் அவர்கள் குடும்பங்களுக்கு என்றும் துணை நிற்கட்டும்.

இதுவரை தந்தவர்களில் பாதிக்கு மேல் வகுப்பில் பிள்ளைகளே இல்லாதவர்கள். பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள், குறிப்பாக நம் தமிழ்க் குடும்பங்கள், இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மேடையில் பிள்ளை ஆடும்போது முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க இடம் தேடுகிறோம். பலகைக்கு என்று கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறோம். மலாய் அக்காவும் சீனப் பெரியவரும் நம் பிள்ளைக்குச் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

குடும்பத்துக்கு 100 ரிங்கிட் என்று கேட்கிறோம். இயலாதவர்கள் கூச வேண்டாம், இருப்பதைத் தாருங்கள். அதுவும் இயலாவிட்டால் பழைய பலகைகளைப் பெயர்க்கும் அன்று ஒரு நாள் உடலுழைப்பு தாருங்கள். பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தராதீர்கள், எங்கள் தலைவரே கேட்டாலும் சரி. வரவு செலவுக் கணக்கு மண்டப அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படும். ஜூலை 31-க்குப் பிறகு வரும் பணத்தையும் வாங்கிக்கொள்வோம், ஆனால் தச்சர் காத்திருக்கமாட்டார்.

இப்படிக்கு,
செயலவையினர்