பழைய கைடு வேண்டாம், படக்கதை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். ஊர் ஊராக கிரந்தசாலை, அதாவது நூலகம், வரப் பாடுபட்ட பி.என்.பணிக்கரின் நினைவு நாள் அது. 1996 முதல் கொண்டாடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ் வழிப் பள்ளிகளிலும் அன்றைக்கு உறுதிமொழி, சுவரொட்டி, பேச்சு எல்லாம் உண்டு. கூடவே மூட்டை கட்டித் தானப் புத்தகங்களும் வந்துசேரும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மகன் எல்.பி. ஸ்கூலில் (தொடக்கப் பள்ளி) மூன்றாம் வகுப்பு. பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வின் தாய்மார் பிரிவில் இருப்பதால் வெள்ளிக்கிழமை மதியம் நூலக அறையை நான் பார்த்துக்கொள்வது வழக்கம். கடைசியாக வந்த மூட்டையைப் பிரித்தால் பி.எஸ்.சி. வேலைத் தேர்வு கைடு, மாநாட்டு மலர், அட்டை போன ஜோதிடப் புத்தகம். ஏழு வயசுப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? பழசைக் கழிக்க பேப்பர் கடை இருக்கிறதே! ஆனால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிட்டால் அதைத் தூக்கிப் போடவும் யாருக்கும் தைரியம் வராது. நூலகம் வளரும் உயிர் என்று 1931-லேயே எழுதினார் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். உயிர் என்றால் கழிவும் உண்டு அல்லவா?

சின்னப் பிள்ளைகளின் புத்தகம் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு பக்கம்தான். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், அவ்வளவே. அதற்கு முதுகே கிடையாது. பீரோவில் நிற்க வைத்தால் சரியும், அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது கண்ணில் படாது. போதாததற்கு எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை போட்டு நம்பர் எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை படத்தைப் பார்த்துத்தானே எடுக்கும்? ஹெச்.எம்.மிடம் கேட்டு அட்டைகளைக் கழற்றினோம். கடையில் மிஞ்சிய திரைத் துணியில் வரிசையாகப் பை தைத்து, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் சுவரில் மாட்டினேன். புத்தகம் முகம் காட்டி உட்கார்ந்திருக்கும். பையில் உள்ளதை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

மழைக்காலத்தில் பின் துருப்பிடித்து நடுத்தாள் கையோடு வந்துவிடும். துருப்பின்னை எடுத்துவிட்டு, மெஷினில் 18-ம் நம்பர் ஊசி போட்டு மடிப்பின் மேலேயே ஓட்டினால் போதும். தையல் பெரிதாக இருக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் துளை வரிசையிலேயே தாள் கிழியும். மற்ற பள்ளிகளிலும் தையல் தெரிந்த அம்மாக்கள் இருப்பார்கள், கேட்டால் செய்து தருவார்கள். அப்புறம் இன்னொன்று: கிழிந்தால் அபராதம் இல்லை என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகவே துணிந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம். ஒரே கதை இரண்டு மொழியிலும் கிடைத்தால் விடவே மாட்டார்கள். தமிழ் டிவிஷன் ஒரு பக்கம், மலையாள டிவிஷன் ஒரு பக்கம் உட்கார்ந்து யார் முதலில் முடிப்பது என்று போட்டி வேறு. துலிகாவும் நேஷனல் புக் டிரஸ்ட்டும் இரு மொழியிலும் சிறுவர் புத்தகம் போடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே இறக்கி அச்செடுக்கலாம். பி.டி.ஏ. பணத்தில் நாங்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தபோது அதில் ஒன்று கொண்டுவந்தாள். அவள் ஊருக்குக் கிளம்பும்வரை அது என் மகன் கையில்தான் இருந்தது. கேரள அரசு பாடப்புத்தகத்தைத் தமிழிலேயே அச்சிட்டுத் தருகிறது, அதில் எங்களுக்குக் குறை இல்லை. கதைப் புத்தகம்தான் தட்டுப்பாடு. பாலக்காடு, இடுக்கி மாவட்டத் தமிழ் வழிப் பள்ளிகளுக்கும் ஆளுக்கொரு செட் அனுப்ப, இல்லை விலைக்காவது தர, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

தானம் செய்ய நினைப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மூட்டை வேண்டாம். கோவையில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். அவர்களே எடுக்கட்டும், நீங்கள் பில்லைக் கட்டுங்கள். வேன் வாடகையை பி.டி.ஏ. பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தையல்கடை அம்மா ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.