பின்னாடி மிதிச்சு வர்றவங்களையும் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணவன் மனைவியா சேர்ந்து நெடுந்தூரம் சைக்கிள்ல போறதைப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன், சந்தோஷமா இருந்துச்சு, ஆனா முழுக்க எத்தனை கிலோமீட்டர், என்ன சைக்கிள், எத்தனை கியர்னே போயிடுச்சு. 1890கள்ல ஃபேனி வொர்க்மேன், வில்லியம் வொர்க்மேன்னு ஒரு அமெரிக்கத் தம்பதி அல்ஜீரியா, ஸ்பெயின், அப்புறம் இந்தியான்னு சைக்கிள்லயே சுத்தினாங்க, இன்னிக்கு இருக்கிற கியர் எதுவும் அப்ப கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டுல வாரக்கணக்கா மிதிச்சிருக்கோம், அதனால சொல்றேன், ரெண்டு பேர் போற பயணத்துல முதல்ல பேச வேண்டியது மெதுவா போறவரோட வேகத்தைப் பத்தி.

எங்க முதல் பயணத்துல அவர் முன்னாடி போயிட்டே இருப்பார், நான் பின்னாடி. மேடு ஏறி உச்சியில எனக்காக காத்துக்கிட்டு நிப்பார், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அவர் ஒரு கால் மணி நேரம் உக்காந்து தண்ணி குடிச்சு மூச்சு வாங்கி முடிச்சிருப்பார், நான் போய்ச் சேர்ந்ததும் "சரி கிளம்பலாமா"ம்பார். நல்லா மிதிக்கிறவருக்கு ஓய்வு, தவிச்சு வர்றவளுக்கு ஓய்வே கிடையாது, நாள் பூரா இப்படியே. சாயங்காலம் நான் ஏன் வாயே திறக்கலன்னு அவருக்குப் புரியல, எனக்கும் சொல்லத் தெரியல.

ஒரு நாள் மண் ரோட்டுல என் பின் டயர் பஞ்சர். மாத்து ட்யூப் என் பையில, பம்பும் டயர் கழட்டுற லீவரும் அவர் பையில, அவர் எங்கேயோ முன்னாடி, போன்ல சிக்னல் இல்ல. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரமா உக்காந்திருந்தேன். திரும்பி வந்தப்ப அவர் முகத்துல இருந்த பயத்தைப் பாத்து எனக்குக் கோவம்கூட வரல. அன்னிலேர்ந்து ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பம்பு, லீவர், ட்யூப், பேட்ச், தண்ணி, சாப்பாடு, காகித மேப் இருக்கும். எடை கூடத்தான் செய்யும், ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ, பரவால்ல. ரோடு எங்க பிரிஞ்சாலும் முன்னாடி போறவர் நின்னே ஆகணும். உச்சியில பின்னாடி வர்றவர் வந்து சேர்ந்த அப்புறம்தான் ஓய்வு நேரமே ஆரம்பிக்கும்.

சாமானைப் பாதிப் பாதியா பிரிக்கிறது நியாயம் மாதிரி தெரியும், அது நியாயமே இல்ல. கூடாரம், அடுப்பு, பஞ்சருக்குத் தேவைப்படாத மத்த டூல்ஸ்னு கனமானதெல்லாம் பலமா மிதிக்கிறவர் சைக்கிள்ல ஏத்துங்க, ரெண்டு பேர் வேகமும் தானா கிட்டக்க வந்துடும். எதிர்காத்து அடிக்கும்போது அவர் முன்னாடி, நான் அவர் பின் சக்கரத்துக்குப் பின்னால, காத்து எனக்கு நல்லாவே குறையும். ஆனா அவர் அப்பப்ப திரும்பிப் பாக்கணும், கொஞ்சம் இடைவெளி விழுந்துட்டா அந்த மறைப்பு போயிடும், மறுபடி எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். ரொம்ப ஒட்டியும் போகக் கூடாது, சக்கரம் உரசினா விழறது பின்னாடி இருக்கிறவர்தான்.

சைக்கிளைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சக்கரமா பாத்துக்கோங்க. பாரம் ஏத்தின சைக்கிள்ல பின் சக்கரத்துல செயின் இருக்கிற பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிதான் அதிகமா உடையும், அங்க பல்சக்கரத்துக்கு இடம் விடணும்ங்கிறதால அந்தப் பக்கம் கம்பி ரொம்ப இறுக்கமா இருக்கும். சக்கரம் ஒண்ணா இருந்தா மாத்துக் கம்பி, டயர் எல்லாம் ஒரே செட்டு ரெண்டுக்கும் ஆகும். சிலர் ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்கிற டேண்டம் வாங்கச் சொல்வாங்க, அதுல பிரிஞ்சு போற பேச்சே இல்ல, சரிதான், ஆனா அது உடைஞ்சா உதவி தேடிப் போக இன்னொரு சைக்கிள் இருக்காது.

அப்புறம் சண்டை. எங்க சண்டை பெரும்பாலும் வெறும் வயித்துல வந்ததுதான், மணிக்கணக்கா மிதிக்கும்போது உடம்புல சர்க்கரை இறங்கிட்டா கை நடுங்கும், எதைச் சொன்னாலும் குத்தமா படும். இப்பல்லாம் பசி எடுக்குற முன்னாடியே ரெண்டு பேரும் எதையாவது மென்னுக்கிட்டே போறோம், யாராவது குரலை உசத்தினா முதல்ல நின்னு சாப்பிடுவோம், வழி தப்பினது யாராலன்னு அப்புறம் பேசிக்குவோம், பாதி நாள் அந்தப் பேச்சுக்கே தேவை இருக்காது.

அடுத்த தடவை இப்படி ஒரு தம்பதியைப் பேட்டி எடுத்தீங்கன்னா ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சு கேளுங்க. பின்னாடி வந்தவங்ககிட்ட எந்த மேட்டுல அழுகை வந்துச்சு, அப்ப முன்னாடி போனவர் எங்க இருந்தார்னும் சேர்த்துக் கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி